ஜெர்மன் அண்ணையின் வெள்ளிக்கிழமை டோஃபு

கிழக்கு லண்டனில் உங்களுக்குத் தெரிந்த தமிழ்த் தம்பதி யாராவது சந்தோஷமாக இருந்தால், அதற்குக் காரணம் ஜெர்மன் அண்ணை. சந்தோஷமாக இல்லையென்றால், அவர்கள் ஜெர்மன் அண்ணையின் பேச்சைக் கேட்கவில்லை. இது என் கணக்கு அல்ல, அவருடைய கணக்கு.

தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் வேண்டும். ஜெர்மனியில் நெடுங்காலம் இருந்துவிட்டு வந்தவர் என்பதால், பிளேஸ்டோவில் வந்து இறங்கிய கையோடு ஜெர்மன் அண்ணை ஆகிவிட்டார். அங்கே ஓர் உணவகத்துக் குசினியில் வேலை, இங்கே பேக்கரியிலிருந்து பாண் ஏற்றும் வான் ஓட்டும் வேலை. லண்டனில் எது பிசகினாலும் அவரிடம் ஒரே மருந்துதான். ரயில் நின்றுபோனால், "ஜெர்மனியில இப்பிடி நடக்காது." மழை பிடித்துக்கொண்டால், "ஜெர்மனியில மழையும் சொன்ன நேரத்துக்குத்தான் வரும்." அவ்வளவு நல்ல தேசத்தை விட்டுவிட்டு ஏன் வந்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"அங்க எல்லாருக்கும் எல்லாம் தெரியும் தம்பி. இங்கதான் சொல்லிக்குடுக்க ஆள் இல்லை."

கல்யாணம் பேசி வைப்பது அவருக்குத் தொழில் அல்ல, ஆசை. அவரோ ஐம்பதைத் தாண்டிய தனி ஆள். எங்கள் ஆட்களின் சங்கடம் என்னவென்றால், பெண் பார்க்க வீட்டுக்குப் போனால் ஊருக்கே தெரிந்துவிடும். வாசலில் யாருடைய கார் நிற்கிறது என்று பக்கத்து வீட்டுத் திரைச்சீலை விலகும். ரோல்ஸும் தேத்தண்ணியும் கொடுத்த பிறகு வேண்டாம் என்று சொல்லவும் மனம் வராது. ஆகவே இரண்டு குடும்பமும் ஏதாவது ஒரு ஷொப்பிங் மாலில் தற்செயலாகச் சந்திப்பதுபோலச் சந்தித்துக்கொள்வார்கள். அந்தத் தற்செயலை நடத்திவைப்பதில் ஜெர்மன் அண்ணையை அடிக்க ஆள் கிடையாது. பத்திரிகைக்கு எழுதுகிறவன் என்பதால் குறிப்பெடுக்க என்னையும், துணைக்கு என் மனைவியையும் கூட்டிக்கொண்டு போவார்.

அவருக்கென்று சட்டதிட்டங்கள் இருந்தன. இரண்டு தரப்பும் கையில் கடைப் பை வைத்திருக்க வேண்டும். பை வெறுமையாக இருக்கக் கூடாது. வெம்பிளியிலிருந்து வந்த ஒரு மாப்பிள்ளையின் தகப்பன், வீட்டிலிருந்த தன் பழைய ஸ்வெட்டரையே பையில் போட்டுக்கொண்டு வந்து, குளிர்ந்ததும் எடுத்துப் போட்டுக்கொண்டார். இன்னொரு முறை, மாப்பிள்ளையின் தாய் ஒத்திகையில் சொல்லிக்கொடுத்தபடியே, "அட, நீங்களோ, இஞ்ச எங்க?" என்று ஓடிப்போய் வேறொரு தமிழ்க் குடும்பத்தின் மேசையில் உட்கார்ந்துவிட்டார். அவர்கள் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்க வந்தவர்கள். ஆனாலும் தங்களுக்கு மறந்துபோன யாரோ சொந்தமாக்கும் என்று நன்றாகவே கதைத்தார்கள். ஜெர்மன் அண்ணை பதறவில்லை.

"அந்தக் குடும்பமும் பிழையில்லை. அவைக்கு மூத்த பிள்ளை ஒண்டு இருக்குதோ எண்டு மெல்லமாக் கேட்டுப் பாரும்" என்று என்னிடம் சொன்னார்.

சந்திப்புகள் எல்லாம் வெள்ளிக்கிழமை மாலையில், கோவிலுக்குப் போய்வந்த கையோடு நடக்கும். வெள்ளி நல்ல நாள், ஆனால் சைவ நாள். எங்கள் வீடுகளில் அன்று மச்சம் கிடையாது. மீன், இறைச்சி, முட்டை எதுவும் அடுப்பேறாது. அந்த மாலின் மேல்மாடி ஃபூட் கோர்ட்டிலோ திரும்பிய பக்கமெல்லாம் கோழி பொரியும். அதற்குள்ளே ஒரு மலேசியச் சீனப் பெண்மணியின் கடையைத்தான் அண்ணை கண்டுபிடித்திருந்தார்.

சும்மா சொல்லக் கூடாது, அருமையான சாப்பாடு. டோஃபு என்கிற அந்த வெள்ளைச் சோயாக் கட்டியை முக்கோணமாக வெட்டி, நடுவில் கீறி, வெள்ளை விழுது ஒன்றை அடைத்திருப்பார்கள். அதே விழுதை அடைத்த வெண்டைக்காய், கத்தரிக்காய், பாகற்காய், பெரிய மிளகாய் எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக இருக்கும். பிடித்ததை இடுக்கியால் எடுத்துக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தால், அவித்தோ பொரித்தோ தந்து, கொதிக்கக் கொதிக்கச் சூப் ஊற்றுவார். டோஃபுவின் மேல் தோல் மொறுமொறுவென்றும் உள்ளே மெத்தென்றும் இருக்கும். கடித்தால் சூப் நாக்கைச் சுடும். சுட்டாலும் விடமுடியாது.

உள்ளே அடைத்திருப்பது என்ன என்று ஆரம்பத்தில் ஒரு பெண்ணின் தாய் கேட்டாராம். அண்ணை அந்த அம்மாவை இரக்கத்தோடு பார்த்தார்.

"உழுந்து. வடைக்கு அரைக்கிற அதே உழுந்து. நிறத்தைப் பாத்தாலே தெரியேல்லையோ? வெண்டிக்காய், பாவக்காய், சோயா, உழுந்து. இதுக்குள்ள மச்சம் எங்காலை வரும்?"

சுவரில் ஒவ்வாமை உள்ளவர்களுக்காக எந்தப் பண்டத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு பலகை தொங்கியது. அவர் அதன் பக்கம் திரும்பியதே இல்லை. கடைக்காரியிடம் ஒரு வார்த்தை கேட்கலாமே என்றதற்கும் பதில் வைத்திருந்தார். "குசினியில நிண்டவன் போய்க் கேக்கிறதோ? கண் என்னத்துக்கு இருக்கு?"

டோஃபு வெறும் சாப்பாடு இல்லை, பரீட்சை. சூப்பை ஊதிக் குடிக்கிற மாப்பிள்ளை பொறுமைசாலி. ஊதாமல் குடித்து வாயைச் சுட்டுக்கொண்டு சிரிக்கிறவன் அதைவிட நல்லவன். பாகற்காய் எடுக்கிற பெண் எந்த மாமியாரையும் சமாளிப்பாள். ஒரு பெண் மிளகாயாகப் பார்த்து எடுத்ததும் அண்ணை என் காதில், "இது சட்டம் படிச்ச பிள்ளை, எழுதி வையும்" என்றார். அவள் சொலிசிட்டர்தான். அது அவள் தகப்பன் போனில் முதலே சொன்ன விஷயம் என்பதை நான் நினைவூட்டவில்லை.

இப்படி ஊருக்கெல்லாம் டோஃபு ஊட்டியவருக்கு ஒருநாள் தானே அந்த மேசையில் உட்கார வேண்டி வந்தது.

அப்டன் பார்க்கில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர் வசந்தி அக்கா. நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும். வீட்டில் ஒவ்வொரு பொறுப்பாகத் தலையில் விழுந்து, கல்யாணம் தள்ளிக்கொண்டே போய்விட்டது. அண்ணை வாசிக்கிற கண்ணாடி வாங்கப் போனார். ஒன்று வாங்கியவர், சட்டம் இறுக்குகிறது என்று மறுபடி போனார். தளர்ந்துவிட்டது என்று மறுபடியும் போனார். கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்து, என் மனைவியின் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"தங்கச்சி, மாப்பிள்ளைப் பக்கத்துக்கு ஆக்கள் வேணும். எனக்கு இஞ்ச ஒருத்தரும் இல்லை. நீங்கள் ரெண்டு பேரும் வருவியளோ?"

அந்த மனிதர் ஒரு காரியத்துக்கு இன்னொருவருடைய உதவியைக் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் முறை. என் மனைவி உடனே ஒரு கடைப் பையைத் தேடி எடுத்து வைத்தாள்.

வசந்தி அக்கா நெற்றியில் திருநீற்றோடு, கோவிலிலிருந்து நேரே, தனியாக வந்தார். கையில் பை இல்லை. "அட, நீங்களோ" என்று அண்ணை தொடங்கியதும், "ஓம், நாலு மணிக்கு வரச் சொன்னனீங்கள்" என்று தற்செயலின் கழுத்தைத் திருகிவிட்டார். உட்கார்ந்ததும் விஷயத்துக்கு வந்தார்.

"மறைக்காமல் சொல்லுறன். உங்களைப் பற்றி விசாரிக்க ஒரு இடமும் இல்லை. சொந்தக்காரர் இல்லை. ஜெர்மனியில இருந்ததுக்கு உங்கட வாய்தான் சாட்சி. நான் ஆரிட்டப் போய்க் கேக்கிறது?"

அண்ணை கதிரையைப் பின்னுக்குத் தள்ளினார். "முதல்ல சாப்பிடுங்கோ. கதைப்பம்" என்று எழுந்து போய், ஒவ்வொன்றாகப் பார்த்துப் பொறுக்கி, கிண்ணம் நிறைய டோஃபு வாங்கிவந்து அவர் முன்னால் வைத்தார்.

வசந்தி அக்கா டோஃபுவைக் கரண்டியால் பிளந்தார். விழுதைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். மோந்தார். கரண்டியைக் கீழே வைத்தார்.

"இதுக்குள்ள என்ன?"

"உழுந்து."

அவர் எழுந்து நேரே கடைக்காரியிடம் போய்க் கேட்டார். கடைக்காரி பெருமையோடு பதில் சொன்னார். மீன். தினமும் காலையில் தானே முள் எடுத்து அரைக்கிற நல்ல மீன். டோஃபுவில் மட்டும் இல்லை, வெண்டைக்காய், பாகற்காய், மிளகாய் எல்லாவற்றுக்குள்ளும் அதே மீன். பலகையையும் விரலால் காட்டினார்.

திரும்பிவந்து எங்கள் மேசையில் அதை அப்படியே சொன்னார். எத்தனை வெள்ளிக்கிழமை, எத்தனை சம்பந்திமார், எத்தனை நெற்றித் திருநீறு. ஜெர்மனியில் மீன் மரக்கறிதான் என்று அண்ணை இப்போது சொல்லப்போகிறார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அப்படிச் சொன்னால் வசந்தி அக்கா எழுந்து போய்விடுவார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

அண்ணை கரண்டியை எடுத்து, அந்த விழுதைத் தானும் மோந்து பார்த்தார்.

"எனக்குத் தெரியாது வசந்தி. நான் கேக்கவே இல்லை. கண்ணால பாத்தே தெரியும் எண்டு நினைச்சிட்டன். சனத்துக்கெல்லாம் மீனைக் குடுத்திட்டன்."

"எனக்கு மட்டும் சொன்னாக் காணுமோ? நீங்கள் கூட்டிக்கொண்டு வந்த ஆக்களுக்கும் சொல்லுங்கோ."

"எப்ப?"

"இப்பதான். போன் கையில இருக்குதானே. நானும் கேக்கிறன்."

அண்ணை போனை மேசையில் வைத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தத்தைக் கூட்டினார். முதலில் வெம்பிளி அம்மா, ஸ்வெட்டர்காரரின் மனைவி. அண்ணை தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தார்.

"அது எங்களுக்கு அண்டைக்கே தெரியுமே தம்பி" என்றார் அந்த அம்மா. "நீர் ஓடியோடி வாங்கித் தந்தீர். எப்பிடிச் சொல்லுறது? நான் உள்ளுக்க இருந்ததை டிஷ்யூவில சுத்தி ஹான்ட்பாக்கில வைச்சனான். பிறகு அந்த பாக்கைத்தான் எறிய வேண்டி வந்தது."

அடுத்து சொலிசிட்டர் பிள்ளை. அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசை திரும்பியது. "அங்கிள், பலகையில ஃபிஷ் எண்டு இருந்தது. சொன்னா நீங்கள் சாப்பிடாமல் எழும்பிடுவியள் எண்டு அம்மாதான் என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னவ."

பிளேஸ்டோவில் எங்கள் தெருவிலேயே இருக்கிற மாஸ்டர் மட்டும் குரலைத் தாழ்த்தினார். "ஐசே, அதுக்காகத்தானே நான் ஆர் வீட்டுப் பிள்ளைக்குக் கல்யாணம் பேசினாலும் வாறனான். வெள்ளிக்கிழமையில வேற எங்க மீன் கிடைக்கும்? மனுசிக்குச் சொல்லிப்போடாதையும்." பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "எனக்குக் கேக்குது" என்றது. லைன் வெட்டுப்பட்டது.

அண்ணை ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டே போனார். ஒருவர்கூடக் கோபப்படவில்லை. ஒருவர்கூட அதிர்ச்சியடையவும் இல்லை. கடைசியில் என் மனைவியும் மெல்ல வாயைத் திறந்தாள்.

"எனக்கும் தெரியும் அண்ணை. முதல் நாளே."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?" என்று நான் கேட்டேன்.

"உங்களுக்குச் சொன்னா நீங்கள் பத்திரிகையில எழுதிப்போடுவியள்."

அண்ணை போனை அணைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தது கண்ணாடியை மட்டும் அல்ல. தலை நிமிராமலே, "இனி நீங்கள் போறதெண்டாப் போங்கோ வசந்தி" என்றார்.

வசந்தி அக்கா போகவில்லை. கிண்ணத்தை ஒரு ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, கை இரண்டையும் மேசையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"உங்கட மனம் நோகக் கூடாது எண்டு இவ்வளவு சனம் வெள்ளிக்கிழமையில மீனுக்கு முன்னால வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கு. இனி நான் வேற ஆரிட்டப் போய் விசாரிக்கிறது?"

கல்யாணம் கோவிலில் எளிமையாக நடந்தது. மாப்பிள்ளைப் பக்கத்துக்கு வந்த கூட்டம் மண்டபத்தில் அடங்கவில்லை. இப்போதும் அண்ணை அதே மேசையில்தான் சம்பந்தம் பேசுகிறார். சந்திக்கிற நாளை மட்டும் சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டார். கல்யாணமானதால் இன்னும் அதிகமாகவே எல்லாம் தெரிந்தவராகிவிட்டார்.

எல்லோருக்கும் தெரிந்திருந்தும் அண்ணைக்கும் எனக்கும் மட்டும் தெரியாமல் போன அந்த மீனை நானும் எத்தனையோ வெள்ளிக்கிழமை ரசித்துச் சாப்பிட்டிருக்கிறேன். தெரிந்திருந்தாலும், அவர் வாங்கித் தந்தால் சாப்பிட்டிருப்பேன்.