திறக்காதீங்க, குளிர் போயிடும்!

'எடுத்து வைப்பவர்' என்றொரு இனம் நம்மிடையே உண்டு. நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது.

மன்னார்புரத்தில் எங்கள் தெருவுக்கே முதன்முதலாக பிரிட்ஜ் வாங்கிய தைரியராஜ் இந்த இனத்தின் தலைமகன். சிங்கப்பூர் மைத்துனர் ஒரு சுருள் அலுமினியத் தாள் அனுப்பியதிலிருந்து அவர் கை சும்மா இருந்ததில்லை. மிஞ்சிய இட்லி, பாதி வடை, கிறிஸ்துமஸ் கேக்கின் ஓரம், வஞ்சிர மீன் துண்டு என்று கண்ணில் பட்டதையெல்லாம் காற்றுப் புகாமல் சுற்றி, விளிம்பை மடித்து, ஒருமுறை தடவிக் கொடுத்து, பிரீஸருக்குள் படுக்க வைப்பார். எடுப்பாரா? மாட்டார். யாராவது கதவில் கை வைத்தால், "திறக்காதீங்க, குளிர் போயிடும்!" என்பார்.

அந்த வருஷம் பக்ரீதுக்கு, பக்கத்து வீட்டு ஷரீபாவின் தம்பி ரசூலுக்கு மெட்ராஸில் லீவு கிடைக்கவில்லை. தம்பியின் பங்குக் கறியை அவள் தைரியராஜிடம் கொடுத்து வைத்தாள். சில நாள் கழித்து ரசூல் காலை ரயிலில் வந்து இறங்கினான். சாயங்காலமே திரும்ப வேண்டும்.

"அண்ணே, கறியைக் கொடுங்க. தம்பி வந்திருக்கு."

"இப்பவேவா? நல்லா உறைஞ்சிருக்கும்மா. இன்னும் ஒரு மாசம் தாங்கும்!"

"தம்பி தாங்காதுங்க."

வேண்டாவெறுப்பாகத் திறந்தார். பொட்டலம் பனியோடு பனியாக ஒட்டிக் கிடந்தது. இழுத்தார்; வரவில்லை. கரண்டிக் காம்பால் நெம்பப் போனவர், பெட்டிக்கு வலிக்குமே என்று கையை இழுத்துக்கொண்டார்.

"நாளைக்குப் பாக்கலாமே?"

ஷரீபாவின் கண் கலங்கிவிட்டது.

அவர் மனைவி அக்னஸ் நேரே போய் ஸ்விட்சை அணைத்தாள். கதவை விரியத் திறந்து, உள்ளே ஒரு சட்டி வெந்நீரை வைத்தாள்.

"அக்னஸ்! எல்லாம் கரையுது!"

"கரையட்டும். இன்னைக்கே சாப்பிட்டுடலாம்."

கறி ஷரீபாவின் அடுப்புக்குப் போயிற்று. மற்றதையெல்லாம் அக்னஸ் சூடாக்கியும் பொரித்தும் தெருவுக்கே இலை போட்டாள். ரசூல் அக்கா கையால் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, சிரித்த முகமாக ரயிலேறப் போனான். தைரியராஜ் மட்டும் காலிப் பெட்டியின் முன்னால் துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி நின்றார். ஷரீபா ஒரு கிண்ணத்தில் கறி கொண்டுவந்து நீட்டினாள். ஒரு வாய் போட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"அடடா, என்ன ருசி! ஏம்மா ஷரீபா, இதுல ரெண்டு துண்டு மிச்சம் வையி. சுத்தி வச்சிடலாம்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் கல்யாணத்துக்கு வந்த பீங்கான் கோப்பைகள் மட்டும் ஏன் இன்னும் வைக்கோலுக்குள்ளேயே இருக்கின்றன? விருந்தாளி வரட்டும் என்றுதானே? அப்படியானால், நேற்று உங்கள் வீட்டில் காப்பி குடித்துவிட்டுப் போனவர்கள் யாராம்?