மூன்று சென்ரிமீற்றர் நகம்

“வெட்டாதேங்கோ! ஒருதரும் நகம் வெட்டாதேங்கோ!” என்று கத்தியபடி கிறகரி ஓடிவந்தபோது, றஞ்சிதத்தின் பெருவிரல் நகத்தில் பாதி ஏற்கெனவே நிலத்தில் கிடந்தது.

பேசாலையில் இருந்த அந்தக் கடலுணவு பதனிடும் நிலையத்துக்குக் கிறகரிதான் மேற்பார்வையாளர். பன்னிரண்டு பெண்கள் அங்கே இறால் உரித்தார்கள், நண்டு கழுவினார்கள், ஐஸ் பெட்டிகளில் அடுக்கினார்கள். பதினொரு வருடமாக ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவர்களுடைய விரல்களைப் பார்த்து, நகம் வளர்ந்தவர்களைத் திருப்பி வீட்டுக்கு அனுப்பிய மனிதர் அவர். ஆளுக்குக் காய்ச்சலோ என்று பெண்கள் அவரை உற்றுப் பார்த்தார்கள்.

“கொழும்புக் கந்தோரிலயிருந்து கடிதம் வந்திருக்கு,” என்று கிறகரி மூச்சு வாங்கினார். “சிங்கப்பூர்க்காரர் ஒராள் அடுத்த செவ்வாய் பார்க்க வாறார். அவருக்குப் பிடிச்சால்தான் ஓடர். இல்லாட்டி இந்த இடத்தைப் பூட்டுவினமாம். கேளுங்கோ.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

“‘நகங்கள் ஒவ்வொன்றும் மூன்று சென்ரிமீற்றருக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். வெடிப்போ கறையோ காணப்படலாகாது. பரிசோதனையின்போது அவை நன்கு கழுவப்பட்டு, சோடி சோடியாக வைக்கப்படல் வேண்டும். தகுதியற்ற நகங்கள் அகற்றப்படும்.’”

“அகற்றிறதெண்டால்? பிடுங்குவினமோ?” உம்மு குல்சூம் இரண்டு கைகளையும் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

“இறால் உரிக்கிறவளுக்கு என்னத்துக்கு சேர் மூண்டு சென்ரிமீற்றர்?” என்றாள் றஞ்சிதம்.

“எனக்கென்ன தெரியும் றஞ்சிதமக்கா? வெளிநாட்டுக்காரர். ஏதும் காரணம் இருக்கும்.”

கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தும் கேட்டார். கடிதத்தில் உள்ளபடி செய்யுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

நகவெட்டிகளையெல்லாம் வாங்கி அலுமாரியில் பூட்டிவிட்டு, கிறகரி அடிமட்டத்தோடு வந்து அளந்தார். அந்தக் கட்டடத்திலேயே நீளமான நகம் நான்கு மில்லிமீற்றர். அது அவருடையது.

“உள்ளிப்பூண்டு தேய்ச்சா நகம் மளமளவெண்டு வளரும்,” என்றாள் றஞ்சிதம். “என்ர மச்சாள் தேய்ச்சவ.”

“வளர்ந்ததோ?”

“தேய்ச்சவ எண்டுதான் தெரியும்.”

கிறகரி இரண்டு கிலோ உள்ளி வாங்கிவந்தார். மறுநாள் ஒருவருக்கும் நகம் வளரவில்லை. இறாலுக்குத்தான் உள்ளி மணம் ஏறியிருந்தது. விரல் எரிவு தாங்காமல் பெண்கள் கைகளை ஐஸுக்குள் விட்டுக்கொண்டு வரிசையாக நின்றார்கள். லொறியில் ஐஸ் கொண்டுவந்தவர் மணம் பிடித்துவிட்டு, சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

வியாழக்கிழமை கிறகரி இன்னொன்றைக் கண்டுபிடித்தார். பெண்களுடைய நகங்களில் அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள்!

“கறை இருக்கக்கூடாதெண்டு கடிதத்தில கிடக்கு. இது கல்சியம் காணாததால வாறது.”

ஆளுக்கு மூன்று கிளாஸ் பால், தன் கண்முன்னாலேயே குடிக்க வேண்டும் என்று நின்றார். குடித்தார்கள். பத்து மணியளவில் இறால் மேசையில் ஒருவரும் இல்லை. பன்னிரண்டு பேரும் கழிவறை வாசலில் நின்றார்கள். நிலையத்தில் இருந்தது ஒரேயொரு கழிவறை.

ஆஸ்பத்திரியில் இருந்து தாதி மதலேனா மிஸ்ஸியைக் கூட்டிவர வேண்டியதாயிற்று. அவர் மருந்து கொடுத்துவிட்டு, கதை முழுவதையும் கேட்டார்.

“வெள்ளைப் புள்ளிக்குக் கல்சியத்தைக் குற்றம் சொல்லாதேங்கோ. நகம் எங்கயாவது இடிபட்டிருக்கும். வளர வளரப் போயிடும்.”

“உள்ளி, மிஸ்ஸி?”

“கறிக்கு நல்லது. நாள் முழுக்கத் தண்ணியில கை கிடந்தா நகம் மெலிஞ்சு வெடிக்கும். ஒழுங்கான கையுறை குடுங்கோ. வேலை முடியத் தேங்காயெண்ணெய் பூசச் சொல்லுங்கோ.”

“அது செய்யலாம். ஆனா செவ்வாய்க்கிடையில மூண்டு சென்ரிமீற்றர் வளரவேணுமே?”

“நகம் மாசத்துக்கு மூண்டு மில்லிமீற்றர்தான் வளரும். பத்து மாசம் செல்லும்.”

“பத்து மாசத்தில பிள்ளையே பெத்திடலாம்,” என்றாள் றஞ்சிதம்.

கிறகரி தலையைச் சொறிந்தார். “மிஸ்ஸி, செத்தாப்பிறகு நகம் கெதியா வளரும் எண்டு சொல்லுவினமே...”

பன்னிரண்டு பெண்களும் ஒரடி பின்னால் போனார்கள்.

“அதுவும் பொய். தோல் சுருங்கிறதால நகம் நீண்டமாதிரித் தெரியும். நீங்கள் என்ன யோசிச்சுக் கேட்டனீங்கள்?”

“சும்மாதான் கேட்டனான்,” என்றார் கிறகரி.

அன்றிரவு அவருக்கு நித்திரை வரவில்லை. பன்னிரண்டு குடும்பங்களின் அடுப்பு தன்னுடைய அடிமட்டத்தில் தொங்குவதாக அவருக்குத் தோன்றியது. சனிக்கிழமை மன்னார் பட்டினத்துக்குப் போய், ஒரு பான்சிக் கடையில் ஒட்டு நகம் வாங்கிவந்தார். மூன்று சென்ரிமீற்றரில் ஒரு நிறம்தான் இருந்தது: கல்யாணப் பொம்பிளைகள் ஒட்டுகிற மினுங்கும் சிவப்பு.

“கறை கூடாதெண்டுதான் எழுதியிருக்கு. சிவப்புக் கூடாதெண்டு இல்லை,” என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார்.

திங்கட்கிழமை, பழகட்டும் என்று எல்லோருக்கும் பசை போட்டு ஒட்டுவித்தார்.

“எனக்கு ஏலாது சேர்,” என்றாள் உம்மு குல்சூம். “இதோட ஒளு எடுத்தா நகத்தில தண்ணி படாது. பிறகெப்படித் தொழுகிறது?”

அது நியாயம். அவளுக்கு மட்டும் இரண்டு பக்கமும் ஒட்டுகிற ரேப் கொண்டுவந்து, “தொழுகைக்குக் கழட்டுங்கோ, வந்து திரும்ப ஒட்டுங்கோ,” என்றார்.

அன்று ஒரு இறால்கூட ஒழுங்காக உரிபடவில்லை. றஞ்சிதம் சிலுவை அடையாளம் போடப்போய் நெற்றியைக் கீறிக்கொண்டாள். மத்தியானம் தொழுதுவிட்டு வந்த உம்மு குல்சூம் தன் விரல்களை இரண்டு தரம் எண்ணினாள்.

“சேர், கழட்டேக்க ஒன்பதுதான் இருந்தது. ஒரு நகத்தைக் காணேல்லை.”

எல்லோரும் அடுக்கி மூடியிருந்த பெட்டிகளைப் பார்த்தார்கள். கிறகரி சேட்டுக் கையை மடித்துவிட்டு, முதல் பெட்டியை மேசையில் கொட்டினார். பொழுதுபட்டபோது இருபத்தாறு பெட்டி கொட்டியாயிற்று. ஐஸில் அவருடைய கை விறைத்துப் போயிருந்தது. அந்த நான்கு மில்லிமீற்றர் நகமும் முறிந்துவிட்டது.

“அசையாதேங்கோ சேர்,” என்று றஞ்சிதம் அவருடைய முதுகில் இருந்து சிவப்பாக எதையோ உரித்தெடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை வாடகை வான் ஒன்றில் சிங்கப்பூர்க்காரர் வந்திறங்கினார். உல்லாசப் பயணிகளுக்கு வான் ஓட்டி இங்கிலீசு பழகிய காமில்தான் சாரதி. உள்ளே பெண்கள் கடிதத்தில் சொன்னபடி கைகளை நன்றாகக் கழுவி, சோடி சோடியாக மேசையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். நூற்றிருபது சிவப்பு நகங்கள். கிறகரி நெஞ்சில் கையை வைத்தபடி மூலையில் நின்றார்.

வந்தவர் ஒரு சோடிக் கையைக் குனிந்து பார்த்தார். அடுத்ததையும் பார்த்தார். கடைசிவரை நடந்துபோய்த் திரும்பிவந்து, மேசைக்குக் கீழேயும் ஒருமுறை பார்த்துவிட்டு, காமிலிடம் மெல்ல ஏதோ கேட்டார். காமில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது.

“என்னவாம், காமில்? பிடிச்சிருக்காமோ?” கிறகரி மூலையை விட்டு முன்னுக்கு வந்தார்.

காமில் கண்ணைத் துடைத்தான். “வடிவாத்தான் இருக்காம் சேர், ஆனா கொழும்பில ‘நகம்’ எண்டு தமிழில மாத்தி அனுப்பினது, இவர் இங்கிலீசில ‘க்ளோ’ எண்டு கேட்ட நண்டுக் கொடுக்கையாம்.”