உங்கள் நிர்வாகியை அணுகவும்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் நலம். நீ நலமில்லை என்று உன் மனைவி போனில் சொன்னாள். உங்கள் கம்பெனி கொண்டுவந்த புதுக் கம்ப்யூட்டர் சிஸ்டத்தை ஊரே திட்டுகிறதாமே, நீ சரியாகச் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயாமே. "அதை வீட்டுல வெச்சிருக்கிறவங்களுக்கு ஏன் பிடிக்கலைன்னு அக்காவாவது சொல்லட்டும்" என்றாயாம். சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

போன முறை வந்தபோது ஆசையாக அதை எங்கள் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டு ரயிலேறினாய் அல்லவா, அன்று மாலையே மாமா அதை அணைக்கப் போனார், இடது மூலையில் இருந்த பட்டனைக் காணோம். காலமெல்லாம் பஸ் ஓட்டிய மனுஷன். "ஹாரன் இருந்த இடத்துல கை வைக்கிறேன், ஒண்ணுமே இல்லை" என்றார். நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தேடினேன். மவுஸை ஓரத்துக்குக் கொண்டுபோனால் என்னமோ எட்டிப் பார்க்கிறது, தொடப் போனால் ஓடி ஒளிகிறது. கடைசியில் பிளக்கைப் பிடுங்கினோம். மறுநாள் திறந்தால், ஒழுங்காக அணைக்கவில்லை என்று எங்களைக் கண்டித்தது. "எப்படின்னு நீ சொல்லவேயில்லையே" என்று மாமா அதனிடமே முறையிட்டார்.

அப்புறம் திரை முழுக்க அந்தக் கலர் கலர் கட்டங்கள். ஒன்றில் மழை என்று இருந்தது. மாமா மாடிக்கு ஓடிக் கொடியில் கிடந்த ஈரத்துணியையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தார். வெளியே வெயில் சுள்ளென்று அடிக்கிறது. எந்த ஊர் மழையோ. பிரிண்டரை அடையாளம் தெரியவில்லை என்றது. "இத்தனை வருஷமா பக்கத்துலேயே உட்கார்ந்திருக்கு, யாருன்னு கேட்குது பாரு" என்று பிரிண்டருக்காக மாமா வருத்தப்பட்டார்.

எல்லாவற்றையும் விடக் கேள்விகள். சீட்டாட்டத்தைத் திறந்தால், "நிச்சயமாகத் திறக்கவா?" மாமா "ஆமாங்க" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் அழுத்துவார். மகளோடு பேச கேமராவைப் போட்டால், "உங்கள் நிர்வாகியை அணுகவும்." இந்த வீட்டில் நிர்வாகி யார் என்பதில் மாமாவுக்குச் சந்தேகமே கிடையாது. "நிர்வாகி, கொஞ்சம் வாங்க" என்பார். நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவேன். ஒரு நாள் எதை அழுத்துவது என்று சண்டை போட்டு, இரண்டு பேருமாக எதையோ அழுத்தி, திரையே பக்கவாட்டில் படுத்துவிட்டது. எப்படியோ கேமரா வேலை செய்து, படுத்த திரையில் மகள் வந்தாள். "ஏம்மா ரெண்டு பேரும் கழுத்தைச் சாய்ச்சிக்கிட்டிருக்கீங்க?" என்றாள். பேத்தியும் எங்களைப் பார்த்துத் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

தம்பி, நீங்கள் செய்தது மோசமில்லை. நாங்கள் கம்ப்யூட்டரைப் பார்க்க உட்காருவதில்லை, பேத்தியைப் பார்க்க உட்காருகிறோம். நடுவில் அது எழுந்து நின்று 'என்னைப் பார்' என்றால் எப்படி? இவ்வளவுதான் விஷயம். இதற்காக நீ பட்டினி கிடப்பானேன்? ரிப்பேர்க் கடைக்காரர் வந்து பழசையே போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நேரத்துக்குச் சாப்பிடு. உன் மனைவியிடம் நாலு வார்த்தை பேசு. எங்கள் ஆசி உன் தலைமேல் இருக்கிறது, தலையை நிமிர்த்தி வை.

உன் அக்கா

பி.கு.: தபாலில் போடுவதற்குள் கடைக்காரர் வந்து பழசைப் போட்டுவிட்டார். எல்லாம் இருந்த இடத்தில் இருக்கிறது. காலையிலிருந்து மாமா சீட்டாடுகிறார், நான் சமையலறையில். மத்தியானம் எட்டிப் பார்த்து, "என்ன, அது ஒண்ணும் கேட்கலையா?" என்றேன். "எங்க கேட்குது, சொன்னதைச் செஞ்சுட்டுப் போகுது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, திரும்பிப் பார்க்காமலே, "தம்பி வந்தா அந்தப் புதுசையே போடச் சொல்லேன்" என்றார். சீக்கிரம் வா.