கட்டடத்துக்குள் எங்கும் இல்லை

பதினான்காவது கணினியிலிருந்தும் பழைய பிரவுசரை வேரோடு பிடுங்கி எறிந்துவிட்டுக் கம்ப்யூட்டரம்மா நிமிர்ந்தபோது வெள்ளிக்கிழமை காலை மணி பதினொன்று. கழுத்து வலித்தது. மனசு மட்டும் பஞ்சாகப் பறந்தது.

அந்தக் குடிநீர் அலுவலகத்தில் அவள் வெறும் கிளார்க்தான். ஒரு தடவை பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை உருவிக் கொடுத்துத் தொலைத்தாள். அன்றிலிருந்து பெயரும் ஒட்டிக்கொண்டது, வேலையும் ஒட்டிக்கொண்டது.

மேஜைமேல் தலைமை அதிகாரியின் உத்தரவு கிடந்தது. போன வாரம் இணையதளத்தில் வந்ததை அச்செடுத்து வைத்திருந்தாள். ‘பழைய பிரவுசர் பாதுகாப்பற்றது. கட்டடத்துக்குள் உள்ள எல்லாக் கணினிகளிலிருந்தும் அதை நீக்கிவிட்டு, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் நமது தளத்தின் வழியாக அறிக்கை அனுப்ப வேண்டும். அறிக்கை வராத அலுவலகத்தில் யாருக்கும் இந்த ஆண்டு இடமாற்றம் கிடையாது.’

தலைமை அதிகாரி நல்ல மனுஷர். அதே வாரம் பார்வையிட வந்தபோது மேனேஜர் அறை ஏசியை விட்டுவிட்டு, கேட் ஓரம் வாட்ச்மேன் அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். எவ்வளவு எளிமை என்று அலுவலகமே உருகிப்போனது.

ஆனால் உத்தரவின் கடைசி வரிதான் கம்ப்யூட்டரம்மாவை விரட்டியது. புருஷனும் எட்டு வயது மகளும் ஆறு மணி நேரப் பஸ் தூரத்தில் இருந்தார்கள். மூன்று வருஷமாக வெள்ளிக்கிழமை பஸ் ஏறி, ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, சனிக்கிழமை மட்டும் முழு அம்மாவாக இருந்தாள். இந்த வருஷ இடமாற்றப் பட்டியலில் அவள் பெயர்தான் முதலில் இருந்தது.

அறிக்கை அனுப்பப் புதுப் பிரவுசரில் தளத்தைத் திறந்தாள். வெள்ளைப் பக்கம். நடுவில் ஒரே வரி: ‘இந்தத் தளம் பழைய பிரவுசரில் மட்டுமே இயங்கும்.’

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி படித்தாள். வரி மாறவில்லை.

“சார், இங்க கொஞ்சம் வாங்களேன்.”

ஸ்டோர் கீப்பர் வந்தார். குழாய், வால்வு, மீட்டர் தவிர உலகத்தில் மற்ற எல்லாம் தனக்குத் தெரியும் என்று நம்புகிறவர்.

“பழசை எடுத்துட்டோம்னு சொல்றதுக்கே பழசு வேணுமா?” என்றார். “செத்தவனே வந்து சாவுச் சான்றிதழ்ல கையெழுத்துப் போடணும்கிற மாதிரி இருக்கே! சரி, ஒண்ணுல மட்டும் திரும்பப் போட்டுடுங்க.”

“முடியாது சார்.” அவள் குரல் இறங்கியது. “யாரும் திருட்டுத்தனமா திரும்பப் போட்டுடக் கூடாதுன்னு பதினாலுக்கும் நானே பூட்டுப் போட்டுட்டேன்.”

“சாவி?”

“தளத்துல விண்ணப்பம் குடுத்தா தலைமை அலுவலகம் அனுப்பும்.”

“எந்தத் தளத்துல?”

அவள் திரையைக் காட்டினாள்.

“சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கிட்டீங்க,” என்றார் ஸ்டோர் கீப்பர், அனுதாபத்தோடு.

தலைமை அலுவலகத்துத் தொழில்நுட்பப் பிரிவுக்குப் போன் போட்டாள்.

“அந்தத் தளம் பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி செஞ்சது மேடம்,” என்றான் அங்கிருந்தவன். “டிஜிட்டல் கையெழுத்து பழசுல மட்டும்தான் விழும். செஞ்சவர் வேலையை விட்டே போயிட்டாரு. தொட்டா எது உடையும்னு யாருக்கும் தெரியல, அதனால யாரும் தொடறதில்ல.”

“எனக்காக நீங்களே அனுப்பிடுங்களேன்?”

“எங்ககிட்ட ஏது மேடம் பழசு? எல்லாம் புது மெஷின். வந்து ஒரு மாசம் ஆச்சு.”

பக்கத்து ஊர் அலுவலகங்களைக் கூப்பிட்டாள். மூன்று பேரும் சமர்த்தாக நேற்றே நீக்கிவிட்டு, இப்போது இவளைப் போலவே தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

ஸ்டோர் கீப்பர் சட்டைக் கையை மடித்தார். “புதுசுக்குப் பழசு வேஷம் போடலாம். என் மச்சான் சொல்லியிருக்கான்.”

எதையோ மாற்றினார். தளம் ஏமாந்து திறந்தது! கம்ப்யூட்டரம்மாவுக்கு உயிர் வந்தது. ஆனால் கையெழுத்துப் போடும் இடத்தில் வேஷம் கலைந்தது. “இன்னொரு தடவை, இன்னொரு தடவை” என்று அவர் மூன்று தடவை அழுத்தினார். ‘உங்கள் கணக்கு முடக்கப்பட்டது’ என்றது தளம்.

மறுபடி போன்.

“திறந்து விட்டுட்டேன் மேடம். இன்னிக்கு இன்னொரு தடவை தப்பாச்சுன்னா, இனி திங்கக்கிழமைதான்.”

“ரொம்ப நன்றி தம்பி, ரொம்ப ரொம்ப நன்றி.”

மேனேஜர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் ஸ்டோர் கீப்பருக்கு அடுத்த யோசனை உதித்தது. மேனேஜரின் கணினியை நேற்றைய நிலைக்குக் கொண்டுபோய்விட்டால், நேற்று இருந்த பிரவுசரும் வந்துவிடும். அழுத்தினார். கணினி நேற்றோடு நிற்கவில்லை. போன மாதம், போன வருஷம் என்று பின்னாலேயே போய், கடையிலிருந்து வந்த நாளில் போய் நின்றது. அங்கேயும் பழைய பிரவுசர் இல்லை, பூட்டு மட்டும் அப்படியே இருந்தது.

மேனேஜர் திரும்பி வந்தார்.

“என் மெஷின் எதுக்கு ‘புதிய பயனரே, வருக’ன்னு சொல்லுது?”

ஸ்டோர் கீப்பர் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

மணி நாலேகால். கம்ப்யூட்டரம்மா வெளியே வந்து கேட் ஓரமாக நின்று வீட்டுக்குப் போன் செய்தாள். மகள்தான் எடுத்தாள்.

“அம்மா, இனிமே நீ தினமும் இருப்பியா, இல்ல சனிக்கிழமை மட்டும்தானா?”

“பஸ் ஏறிட்டுச் சொல்றேன் செல்லம்,” என்றாள். போனை வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

வாட்ச்மேன் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். “என்னம்மா ஆச்சு?”

சொன்னாள். சொல்ல ஆள் கிடைத்ததே போதும் என்று, பதினான்கு கணினியையும் மகளையும் சேர்த்தே சொன்னாள்.

“பழைய பிரவுசரா?” என்றார் அவர். “என் மெஷின்ல இருக்கறதே அது ஒண்ணுதானேம்மா.”

வருகிறவர்களின் பெயரைப் பதிவதற்காக, எட்டு வருஷத்துக்கு முன்னால் உள்ளேயிருந்து கழித்துக் கொடுத்த கணினி அது. முதுகு பெருத்த மானிட்டர். மேலே துண்டு போர்த்தியிருந்தார்.

“புதுசு இதுல ஏறாது. இதுக்குத் தெம்பு பத்தாதும்மா,” என்றபடி துண்டை எடுத்தார்.

செய்தி பரவி அலுவலகமே அந்தச் சின்ன அறைக்குள் நெருக்கியடித்தது. கணினி இரைந்தது, இருமியது, ஒவ்வொரு எழுத்துக்கும் யோசித்தது. நாலு நாற்பதுக்குத் தளம் திறந்தது. ஸ்டோர் கீப்பரின் விரல் மவுஸ் பக்கம் நகர்ந்தது. மேனேஜர் அதை நடுவழியிலேயே பிடித்துக்கொண்டார்.

‘கட்டடத்துக்குள் எங்கும் பழைய பிரவுசர் இல்லை’ என்று கம்ப்யூட்டரம்மா தட்டெழுதினாள். ஒரே ஒரு தடவை அழுத்தினாள்.

நாலு ஐம்பத்து மூன்றுக்குக் கையெழுத்து விழுந்தது. ‘அறிக்கை பெறப்பட்டது. நன்றி.’

பட்டியலில் அவள் பெயர் பிழைத்தது. அவள் வாட்ச்மேனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். “அண்ணா, நீங்க ஏத்திவிட்டது அறிக்கையை இல்ல. என்னை என் வீட்டுக்கு பஸ் ஏத்தி விட்டுட்டீங்க. இந்த உதவியை நான் மறக்கவே மாட்டேன்.” அவர் கூச்சத்தில் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அவள் அந்த மானிட்டரின் பெருத்த முதுகையும் ஒருமுறை தடவிக் கொடுத்தாள். நாள் முழுக்கக் கூடவே நின்ற ஸ்டோர் கீப்பருக்கும் நன்றி சொன்னாள். கெடுத்தாலும் மனசாரத்தானே கெடுத்தார்.

மேனேஜருக்குத்தான் திடீரென்று வியர்த்தது. “ஏம்மா, பழசு எங்கயும் இல்லைன்னு பழசுலயிருந்தே அனுப்பியிருக்கோமே. பொய் அறிக்கை ஆயிடாதா?”

அவள் கையோடு கொண்டுவந்திருந்த உத்தரவை விரித்துப் பார்த்தாள். மெல்லச் சிரித்தாள்.

“ஆகாது சார். ‘கட்டடத்துக்குள் உள்ள’ன்னுதான் போட்டிருக்கு. கட்டடம் அங்க இருக்கு, நாம கேட்டுல இருக்கோம். இந்த ஒரு வார்த்தை இல்லேன்னா இந்த மெஷினையும் காலையிலேயே துடைச்சிருப்பேன். எவ்வளவு நிதானமா எழுதியிருக்காரு பாருங்க நம்ம ஐயா! அவரு நூறு வயசு நல்லா இருக்கணும்.”

“நல்லா இருக்கட்டும்மா,” என்றார் வாட்ச்மேன், மானிட்டர்மேல் துண்டைப் போர்த்திக்கொண்டே. “ஆனா போன வாரம் ஐயா இங்க உக்காந்து அந்த உத்தரவை ஏத்தறப்ப, ‘இதையும் துடைச்சுட்டா அடுத்த உத்தரவை எங்க போய் ஏத்துவீங்க’ன்னு கேட்டு, அந்த வார்த்தையைச் சேர்க்கச் சொன்னது நான்தான்.”