பெர்லிடா கேட்காத கேள்வி

"மேடம், நான் எதுக்கு வந்தேன்னா..."

"வேணாம் அண்ணே!" பெர்லிடா பதறிப்போய்க் கையை உயர்த்தினாள். "ஏன் வந்தீங்கன்னு இங்க யாரும் கேக்க மாட்டாங்க. உங்க மனசுக்கு எப்பத் தோணுதோ அப்பச் சொன்னாப் போதும்."

வாசலில் நின்ற டெபான் வாயை மூடிக்கொண்டார். அடுத்த நிமிடம் அவர் உடம்பில் தன்னார்வலருக்கான மஞ்சள் பனியன் ஏறியிருந்தது.

பெர்லிடாவைச் சொல்லி என்ன பயன்? கட்பலோகன் நகரின் புயல் நிவாரண மையத்துக்குப் பொறுப்பாளரான அவள் போட்ட கூச்சல் தாங்காமல் ஒரே மாதத்தில் பதினொரு தன்னார்வலர்கள் ஓட்டம் பிடித்திருந்தார்கள். இன்னும் ஒருவர் போனால் அவளும் போக வேண்டியதுதான் என்று தலைமை அலுவலகம் சொல்லிவிட்டது. சொன்ன கையோடு, மனக்காயம் பட்டவர்களை நோகடிக்காமல் வேலை வாங்குவது எப்படி என்று ஓட்டலில் இரண்டு நாள் பயிற்சிக்கும் அனுப்பியது. நம் ஊரில் அரிசி வருவதற்கு முன் பயிற்சி வந்துவிடும். யாரையும் துருவிக் கேட்காதே, யாரையும் வெளியாளாக நினைக்காதே, வருகிற எல்லாரையும் சேர்த்துக்கொள். மூன்றையும் அவள் நெட்டுருப் போட்டு வந்திருந்தாள்.

டெபானை அரிசிப் பொட்டலம் கட்டும் மேஜையில் நிறுத்தினாள். அரை மணியில், மிச்சமிருந்த பழைய ஆட்களில் வாய்த்துடுக்கான பெனிங் ஓடி வந்தாள்.

"மேடம், அந்த ஆளு அரிசியையே வெறிச்சுப் பாக்குறாரு. கண்ணெல்லாம் கலங்கிப் போச்சு. என்னன்னு கேக்கட்டா?"

"கேட்டே, தொலைஞ்சே! அரிசியைப் பாத்தா அவருக்கு என்ன ஞாபகம் வருதோ. மத்தி மீன் டப்பாப் பக்கம் மாத்து."

மத்தி டப்பாவைப் பார்த்தும் அவர் எச்சில் விழுங்கினார். சரி, உட்கார்ந்த வேலையாக இருக்கட்டும் என்று பயனாளிகள் பட்டியலைக் கையில் கொடுத்தாள். விரலை ஓட்டிக்கொண்டே போனவர் ஒரு பெயரில் நின்றார்.

"மேடம், இந்தப் பேரு..."

பெர்லிடா பட்டியலைப் பிடுங்கிக்கொண்டாள். "பாக்காதீங்க அண்ணே! பழசையெல்லாம் கிளறாதீங்க."

மறுநாளிலிருந்து மையத்தில் யாரும் சத்தமாகப் பேசக்கூடாது என்று உத்தரவு. லாரி டிரைவரைக்கூடக் கூப்பிடாமல் சைகை காட்டியதில் ஐம்பது மூட்டை வேறு கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மதியம் டெபான் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மீதியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தார்.

"சோறே இறங்கல பாவம்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்ட பெர்லிடா, ஒரு மூலையில் திரை கட்டி, மின்விசிறி வைத்து அவரை உட்காரவைத்தாள்.

பெனிங் கொதித்துவிட்டாள். "மூட்டை தூக்குற எங்களுக்கு வெயிலு, அவருக்குக் காத்தா? எங்க மனசு என்ன தகரமா? நாங்க கிளம்புறோம்!"

பெர்லிடா அவசர அவசரமாக அச்சடித்து, அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்ததும் எல்லாருக்கும் ஆளுக்கொரு சர்டிபிகேட் கொடுத்தாள். வேடிக்கை என்னவென்றால், அத்தனை பேரும் சமாதானமாகிவிட்டார்கள்.

நான்காம் நாள் தலைமை அலுவலகத்து வில்லாரூஸ் அம்மாள் வந்தார். பெர்லிடா நேரே டெபானிடம் அழைத்துப் போனாள்.

"இவரைப் பாருங்க மேடம். அவ்வளவு வேதனை உள்ளுக்குள்ள. ஒரு வார்த்தை துருவிக் கேக்கல. ஒரு நாள்கூட லீவு போடாம வர்றாரு!"

வில்லாரூஸ் அம்மாள் நெகிழ்ந்துபோனார். "அருமை, பெர்லிடா! மத்த மையத்துக்கெல்லாம் இனி நீதான் பயிற்சி குடுக்கணும்."

அப்போதுதான் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் விறுவிறுவென்று உள்ளே வந்தாள். அவளைக் கண்டதும் டெபான் திரைக்குப் பின்னால் ஒதுங்கினார். பெர்லிடா முகமெல்லாம் கனிவாக எதிரே போனாள்.

"வாங்கம்மா. ஏன் வந்தீங்கன்னு நான் கேக்கவே மாட்டேன்."

"நீங்க கேக்க வேணாம், நானே சொல்றேன். திங்கக்கிழமை நிவாரண அரிசி வாங்கிட்டு வாய்யான்னு என் புருஷனை இங்க அனுப்பினேன். தினமும் ஒரு சர்டிபிகேட்தான் கொண்டுட்டு வர்றாரு. அதை எந்தப் பானையில போட்டு வேகவைக்கிறது, மேடம்?"