அம்பத்தூர் ஸ்டேஷனில் தாட்சாயிணி சாக மறுத்தது

அம்பத்தூர்,
தாது வருஷம், ஆவணி.

மகாராஜராஜஸ்ரீ பத்திராதிபர் அவர்கள் சமூகத்துக்கு, ஜம்புலிங்கம் அநேக நமஸ்காரம். இவ்விடம் ஐந்து குழந்தைகளும் மாமனாரும் க்ஷேமம். ஆகையால் வீட்டில் உட்கார்ந்து கதை எழுத முடியாது என்பது தாங்கள் அறிந்ததே.

அதனால்தான் ஸ்டேஷன் பெஞ்சில் எழுதுகிறேன். நம் தொடர்கதை நாயகி தாட்சாயிணி, சித்தி கொடுமை தாளாமல் ஓடி வந்து, கடைசி அத்தியாயத்தில் ரயில்வே ஸ்டேஷனில் ஜுரம் கண்டு சாக வேண்டும், வாசகர்கள் அழ வேண்டும் என்று தாங்கள் கண்டிப்பாக எழுதியிருந்தீர்கள். எனக்கோ வாய்விட்டுச் சொல்லாமல் பேனா நகராது. செவ்வாய்க்கிழமை, "ஐயோ, அனலாய்க் கொதிக்கிறதே, தனியாகக் கிடக்கிறாளே!" என்று சொல்லிக்கொண்டே எழுதினேனா, பக்கத்தில் பூக்கூடையோடு இருந்த கன்னியம்மாள் எழுந்துவிட்டாள். "இன்னா நைனா சொல்றே? எந்த டேசன்ல கீறா அந்தப் பொண்ணு?" கதைதானம்மா என்றேன். "பெத்த பொண்ண அம்போன்னு வுட்டுட்டு கதைன்றியே, நீயெல்லாம் ஒரு மனுசனா?" என்று அவள் போட்ட கூச்சலில் டீக்கடை கலீலுல்லா பாய் ஓடி வந்தார். மறுநாள் பார்த்தால் பெஞ்சில் ஒரு சொம்பு மிளகுக் கஷாயம், ஒரு கம்பளி! கஷாயத்தை நானே குடித்துத் தொலைத்தேன், வேறென்ன செய்ய? "பொண்ணு குட்ச்சுதா சார்?" என்றார் பாய். குடித்தாள் என்றேன். இனி எப்படி ஐயா அவளைச் சாகடிப்பது? "அவ செத்தான்னா நீ இங்க குந்தவே கூடாது, ஆமா!" என்கிறாள் கன்னியம்மாள். யார் கதையை யார் எழுதுகிறார்கள் என்றே எனக்குப் புரியவில்லை.

ஆனாலும் சொன்ன சொல் தவறமாட்டேன். இன்று வாய் நிறைய வெற்றிலையை அடக்கிக்கொண்டு, சத்தமே வராமல் அவளைச் சாகடித்து, இத்துடன் அனுப்பியிருக்கிறேன். சில இடங்களில் மை கலைந்திருக்கும். நான்தான் அழுதேன், மன்னிக்கவும்.

தங்களுக்கும் பத்திரிகைக்கும் சகல மங்களமும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
ஜம்புலிங்கம்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் சாயங்கால வண்டியிலிருந்து ஒரு பெண் மூட்டையோடு இறங்கினாள். நல்ல ஜுரம். சித்தி அடித்துத் துரத்திவிட்டாளாம். "வந்துட்டியா கண்ணு!" என்று கன்னியம்மாள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். பெயர் எல்லம்மாவாம், யார் கேட்கிறார்கள்? பாய் கம்பளியைப் போர்த்திவிட்டுக் கஷாயம் போடப் போயிருக்கிறார். எல்லாரும் என் வாயையே பார்க்கிறார்கள். அந்தப் பெண்ணும், "நான் பொழ்ச்சிக்குவேனா சாமி?" என்கிறாள். வெற்றிலையைத் துப்பிவிட்டு, பிழைப்பாய் என்றேன். அத்தியாயத்தைக் கிழித்துவிட்டேன், தேடவேண்டாம். வாய்விட்டுச் சொல்லியாகிவிட்டது, இனி மாற்றமுடியாது.