பதினாறு தலை ப்ராசசர்

ஞாயிற்றுக்கிழமை காலை. இட்லியைப் பிட்டுக்கொண்டே பொங்கியண்ணன் ஒரு முடிவெடுத்தான். இன்றைக்குக் கேட்டே தீருவது. ஆம்பளைக்கு மீசை எதற்கு இருக்கிறது?

மீசை துடித்தது. வாய் திறந்தது. "மதி, இன்னுங் கொஞ்சம் சட்னி" என்று வந்தது.

பேர்தான் பொங்கியண்ணன். கல்யாணமான நாளிலிருந்து அவன் ஒரு தடவைகூடப் பொங்கியதாகச் சரித்திரம் கிடையாது. அந்த வீட்டில் பொங்குவது பால் ஒன்றுதான். அதுவும் தமிழ்மதி அந்தப் பக்கம் திரும்பியிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் பொங்கும்.

தமிழ்மதி ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறவள். மலையாகக் குவித்த பனியனில் ஒரு ஊசித் துளையைக் கண்டுபிடித்து, அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி ஓரமாகத் தள்ளுவது அவள் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றுவாள், கண்ணைக் கழற்ற மாட்டாள். அவள் நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் பொங்கியண்ணன் தன் நெற்றியைத் தடவிப் பார்த்துக்கொள்வான், அம்பு கிம்பு ஒட்டிவிட்டாளோ என்று.

திட்டினால்கூடப் பரவாயில்லை. தெக்கத்திப் பெண்களானால் கோபம் வந்ததும் மரியாதை இறங்கும். புருஷனுக்கு விஷயம் புரிந்துவிடும், ஓடிப் பிழைத்துக்கொள்வான். தமிழ்மதிக்குக் கோபம் வந்தால் மரியாதை ஏறும். சாதாரண நாளில் ஒரு பேச்சுக்கு ஒரு "ங்க" போடுவாள். அது கூடக் கூட இவன் கண் செருப்பைத் தேடும்.

இத்தனை பயத்திலும் அப்படி என்னத்தைக் கேட்கப் போகிறான்? கம்ப்யூட்டர். புதுசு. துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுவதற்கு.

நாற்பதை நெருங்கும்போது மற்றவர்களுக்கு சுகர் வரும். இவனுக்கு கேம் வந்தது. ஞாயிற்றுக்கிழமையானால் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாத நாலு பேரோடு சேர்ந்து சுடுவான். வீட்டில் சொல்லியிருப்பது, வேலை. ஆனால் அந்தப் பழைய கம்ப்யூட்டர் இருக்கிறதே, எதிரி திருப்பத்தில் தலையைக் காட்டியதும் அப்படியே உறைந்துவிடும். மறுபடி உயிர் வரும்போது பொங்கியண்ணன் தரையில் பிணமாகக் கிடப்பான். டீம் கேப்டன் டேனியல், தாராபுரத்தில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறவன், கடைசியில் சொல்லியே விட்டான்.

"அண்ணா, இன்னும் ரெண்டு வாரத்துல போட்டி இருக்குதுங்க. அதுக்குள்ள நல்ல ப்ராசசரா மாத்திப் போடுங்க. இல்லீன்னா வேற ஆளைப் போட்டுக்கறோமுங்க."

பொங்கியண்ணனுக்கு அன்றைக்கு அழுகையே வந்துவிட்டது. அவனை நம்பி, "அண்ணா நீங்க முன்னால போங்க, நாங்க பின்னால வர்றோம்" என்று சொல்கிற ஒரே இடம் உலகத்தில் அதுதான். அதுவும் போய்விட்டால்?

சட்னி வந்தது. பொங்கியண்ணன் கண்ணை மூடிக்கொண்டு குதித்தான்.

"மதி... நம்ம ஊட்டுக் கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோ."

"எனக்கெப்புடீங்க தெரியும்? கதவைச் சாத்திக்கிட்டு நீங்கதான வேலை பாக்கறீங்க."

"அதான் சாமி, அந்த வேலைக்குத்தான். பஞ்சிங். அதுக்கு நல்ல ப்ராசசர் வேணும்."

துணியில் தைக்க வேண்டிய படத்தை, ஊசி எங்கே எப்படிக் குத்த வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பதற்குத் திருப்பூரில் பஞ்சிங் என்று பேர். வீரபாண்டியில் ஒரு எம்ப்ராய்டரி யூனிட்டில் பொங்கியண்ணனுக்கு அதுதான் உத்தியோகம். அந்த வேலைக்கு ஓட்டைக் கம்ப்யூட்டரே தாராளம் என்பது அவனுக்கும் தெரியும், கடவுளுக்கும் தெரியும். தமிழ்மதிக்குத் தெரியாது என்கிற தைரியத்தில்தான் பேச்சே ஓடிக்கொண்டிருந்தது.

"ப்ராசசர்னா என்னங்க?"

"நம்ம எம்ப்ராய்டரி மெஷின்ல தலை இருக்குதில்ல? ஒரு தலை ஒரு பனியன் தைக்கும். பன்னெண்டு தலை இருந்தா ஒரே நேரத்துல பன்னெண்டு பனியன். ப்ராசசர்லயும் அப்பிடித்தான். கோர்னு சொல்லுவாங்க. தலை அதிகமிருந்தா வேலை வேகம்."

"நம்முளுதுல எத்தனை தலைங்க?"

"ரெண்டே ரெண்டு."

"அடப்பாவமே! ரெண்டு தலைய வெச்சுக்கிட்டா இத்தனை நாளா கஷ்டப்பட்டீங்க? வாங்கிப் போடலாமுங்க."

பொங்கியண்ணனுக்குச் சந்தோஷம் வரவில்லை. மாலை போட்டு மஞ்சத் தண்ணி தெளிக்கும்போது ஆட்டுக்கு ஒரு சந்தேகம் வருமே, அதுதான் வந்தது. இவள் இத்தனை சுளுவாக எதற்கும் தலையாட்டியதில்லையே?

"நானும் கடைக்கு வர்றனுங்க" என்றாள் தமிழ்மதி.

பாதி இட்லியைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தான்.

குளிக்கப் போகிறேன் என்று பாத்ரூமுக்குள் ஓடி, குழாயைத் திறந்துவிட்டுவிட்டு, கம்ப்யூட்டர் கடை ராபினுக்குப் போன் போட்டான். ராபின் தூத்துக்குடிப் பக்கத்துப் பையன். பனியன் வேலைக்கென்று வந்து, அது பிடிக்காமல் கடை போட்டவன்.

"என்னண்ணே, தண்ணிச் சத்தம் கேக்கு? மழையா?"

"ராபினு, நல்லாக் கேட்டுக்க. ஊட்ல அவளும் வர்றா. கேம்ங்கற வார்த்தை உன் வாயிலயே வரக்கூடாது. நாம பேசி வெச்சிருக்கமே, அந்த எட்டுக் கோரு, கேஷ் பெருசா இருக்கறது, அப்பறம் கிராபிக்ஸ் கார்டு. ரெண்டும் பஞ்சிங்குக்குன்னு சொல்லீரு."

"பஞ்சிங்குக்கு அது எதுக்குண்ணே? கொசு அடிக்க ஜேசிபி எடுத்துட்டுப் போவீயளா?"

"சொல்லீரு சாமி! என்ற உசுரு உன்ற கையில இருக்குது."

"சரிண்ணே, சொல்லுதேன். அக்கா ஏதும் குறுக்குக் கேள்வி கேட்டாவன்னா?"

"அவ பனியனைக் கண்டா. ப்ராசசரைக் கண்டாளா?"

கதவுக்கு வெளியில் இருந்து குரல் வந்தது. "ஏனுங்க, துண்டு இங்கயே கெடக்குதுங்க. குளிச்சாச்சுங்களா?"

அவன் இன்னும் சட்டையைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. பதறிப்போய் ஒரு சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, சொட்டச் சொட்டச் சட்டையோடு வெளியில் வந்தான். தமிழ்மதி மேலும் கீழும் பார்த்தாள். துண்டை நீட்டினாள்.

ராபின் கடையில் நுழைந்ததும் கண்ணில் பட்டது அதுதான். சுவரில் ஆளுயரப் போஸ்டர். துப்பாக்கியோடு ஒருத்தன். இவன் வாராவாரம் ஆடுகிற அதே கேம். பொங்கியண்ணன் ஓடிப்போய் அதன் மேல் சாய்ந்துகொண்டு ரெண்டு கையையும் விரித்துவிட்டான்.

"ஏனுங்க, செவுத்தோட ஒட்டிக்கிட்டு நிக்கறீங்க?"

"இடுப்பு வலி மதி. இப்பிடி நின்னாத்தான் சொகமா இருக்குது."

ராபின் ரெண்டு ப்ராசசர் டப்பாவை எடுத்து வைத்தான். தமிழ்மதி டப்பாவைப் புரட்டினாள். வெளிச்சத்துக்குக் காட்டினாள். ஓரத்தை விரலால் நீவினாள். பனியன் பார்க்கிற அதே பார்வை. ராபினுக்கே வியர்த்துவிட்டது.

"ரெண்டுக்கும் என்னங்க தம்பி வித்தியாசம்?"

"இது எட்டுக் கோருக்கா, கேஷ் பெருசு. அண்ணனோட பஞ்சிங்குக்கு இதான் சரியா வரும். இது பதினாறு கோரு."

"கேஷ்னா?"

ராபின் பொங்கியண்ணனைப் பார்த்தான். பொங்கியண்ணன் சுவரில் இருந்தபடியே கத்தினான். "ஆபரேட்டரு பக்கத்துலயே நூல் ரேக் வெச்சுக்கற மாதிரி! ஒவ்வொரு நூல் கோனுக்கும் குடோனுக்கு ஓட வேண்டீதில்ல!"

"பதினாறு தலையில நூல் ரேக்கே இல்லீங்களா தம்பி?"

"இருக்குக்கா. இதை விடக் கொஞ்சம் சின்னது."

"பதினாறு தலையும் சின்ன ரேக்கும் இருக்கறப்ப, எட்டுத் தலையும் பெரிய ரேக்கும் எந்த மொதலாளிங்க வாங்குவாரு?"

திருப்பூரில் பிறந்த யாரும் இதற்குப் பதில் சொல்ல முடியாது. பொங்கியண்ணன் முயற்சி செய்தான்.

"அப்பிடி இல்ல மதி. சில வேலைக்குத் தலை கம்மியா இருந்தாத்தான் வேகம்."

"எந்த வேலைக்குங்க?"

அந்தக் கேள்விக்கு உலகத்தில் ஒரே ஒரு பதில்தான் உண்டு. அந்தப் பதில் அவன் முதுகுக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு நின்றுகொண்டிருந்தது.

"தலை அதிகமிருந்தா வேலை வேகம்னு காலைல நீங்கதானுங்க சொன்னீங்க?"

நுணலும் தன் வாயால் கெடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தபோது பொங்கியண்ணன் சிரித்திருக்கிறான். இப்போது அந்தத் தவளைக்காக மனசார வருந்தினான்.

"பதினாறே போடு ராபினு" என்றான்.

போகட்டும். பதினாறு கோரிலும் கேம் ஜோராகத்தான் ஓடும், கிராபிக்ஸ் கார்டு ஒன்று இருந்தால் போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டான். தேற்றி முடிப்பதற்குள் தமிழ்மதி பக்கத்தில் இருந்த கிராபிக்ஸ் கார்டின் பெரிய டப்பாவைத் தூக்கிவிட்டாள்.

"இதெதுக்குங்க தம்பி?"

"அது... படம் தெரியுததுக்குக்கா."

"ஏன், அந்தப் பதினாறு தலையில படம் தெரியாதுங்களா?"

"தெரியும்க்கா. அதுக்குள்ளயே சின்னதா ஒண்ணு வச்சிருக்கான். ஆபீஸ் வேலைக்கெல்லாம் அதுவே..." ராபின் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"பஞ்சிங் படம் தெரியுமுங்களா?"

ராபின் பொங்கியண்ணனைப் பார்த்தான். பொங்கியண்ணன் கண்ணாலேயே கும்பிட்டான். நடுவில் தமிழ்மதியின் கண் வந்து நின்றது.

"தெரியும்க்கா" என்றான் ராபின் ஈனஸ்வரத்தில். "நல்லாவே தெரியும்."

"அப்பறம் எதுக்குங்க இது? மூணு ஃபேன் வேற வெச்சிருக்குது. ஊட்ல ஃபேன் இருக்குதுங்க."

கார்டு அலமாரிக்குத் திரும்பிப் போனது. எதற்கு வேண்டும் என்று பொங்கியண்ணன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வந்திருக்கும். சொன்னால் வீட்டுக்குப் போக வேண்டாமா? பேசாமல் போஸ்டரை மறைத்துக்கொண்டே நின்றான்.

அடுத்த ஞாயிறும் வந்தது. போட்டி நாள். புதுக் கம்ப்யூட்டர் சும்மா சொல்லக்கூடாது, பொத்தானைத் தொட்டதும் மின்னலாகத் திறந்தது. பொங்கியண்ணன் கதவைச் சாத்தினான். குலதெய்வத்தை வேண்டிக்கொண்டான். கார்டு இல்லாமலும் ஓடிவிடாதா என்று ஒரு நப்பாசை. கேமைத் திறந்தான்.

ஓடவில்லை. நகர்ந்தது. எதிரி சுட்ட குண்டு, கல்யாண ஊர்வலம் மாதிரி நின்று நின்று வந்தது. விலகிக்கொள்ளலாம் என்றால் இவன் கால் அதைவிட மெதுவாக நகர்ந்தது.

"அண்ணா! எங்கீங்க இருக்கறீங்க? ஆளை மாத்தட்டுங்களா?" காதுக்குள் டேனியல் கத்தினான்.

"வந்தர்றேன் கண்ணு, வந்தர்றேன்..."

கதவு திறந்தது. தமிழ்மதி ரெண்டு கையும் கொள்ளாமல் ஒரு கட்டோடு நின்றாள். குழந்தைகள் பனியனுக்குப் போடுகிற பூனை, யானை, பட்டாம்பூச்சி, எல்லாம் படம் படமாக.

"எங்க கம்பெனியில பேசீட்டனுங்க. இனிமே பஞ்சிங் வேலையெல்லாம் நம்ம ஊட்டுக்குத்தானுங்க. பதினாறு தலை மெஷினைச் சும்மா நிறுத்தி வெக்கலாமுங்களா?"

திருப்பூரில் பொய் சொன்னவனுக்குக்கூட மன்னிப்பு உண்டு. மெஷினைச் சும்மா நிறுத்தியவனுக்குக் கிடையாது.

"ஞாயித்துக்கெழமை கூடவா மதி?"

"நீங்க கதவைச் சாத்திக்கிட்டு வேலை பாக்கறதே ஞாயித்துக்கெழமைதானுங்களே?"

சொல்லிக்கொண்டே வந்து அவன் தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றினாள். தன் காதில் வைத்துக்கொண்டாள்.

"தம்பீ, அண்ணனுக்குக் கைகொள்ளாம வேலை வந்துருச்சுங்க. நீங்க வேற ஆளைப் போட்டுக்கங்க. நல்லா ஆடுங்க சாமி."

பொங்கியண்ணன் நாற்காலியோடு திரும்பினான். இவளுக்குத் தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்து? எத்தனை தெரியும்?

"உனக்கு... எப்பிடி மதி?"

"தூக்கத்துல கத்தறீங்களே, கேக்காதுங்களா? 'கவர் குடுங்கடா, கவர் குடுங்கடா'ன்னீங்க. பாவம், பேக்கிங் செக்சன்ல பாலி கவர் தட்டுப்பாடு போலன்னு நெனச்சனுங்க. அப்பறம் 'குண்டைத் தூக்கிப் போடு'ன்னீங்க. பேக்கிங்ல எதுக்குங்க குண்டு? எங்க கம்பெனியில கம்ப்யூட்டர் பாக்கற நிர்மலாகிட்டக் கேட்டனுங்க. அது கம்ப்யூட்டர் ஆட்டம்னும், எந்த டப்பா இல்லீன்னா அது ஓடாதுன்னும் அவதானுங்க சொல்லிக் குடுத்தா."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட மனிதன், எதிரில் ஒளிரும் திரையைப் பார்த்தான். ஹெட்போனுக்குள் டேனியல் ஏற்கெனவே வேறொருத்தனை அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அப்ப... இந்தக் கம்ப்யூட்டர்ல ஒரு கேம் கூட ஓடாதா சாமி?" என்றான் அழாக்குறையாக.

தமிழ்மதி பூனைப் படத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"ஏனுங்க ஓடாது? தனியா ஒக்காந்து ஆடற சீட்டாட்டம் ஒண்ணு இருக்குதாமுங்க. பதினாறு தலைக்கு அது ஹேங்கே ஆகாதாமுங்க."